நண்பகல் உரையும் நியமனக் குழுவும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி 1 அன்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம் என்ற பெயரில் அரசுப் பல்கலைக்கழகங்கள் தனி அலுவலகம் நடத்தக் கூடாது, அந்த வேலைக்கென்று ஆள் வைக்கக் கூடாது என்றது அது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒரு முழுப் பிரிவை மூடி, ஏறத்தாழ 60 பேரை வேலையை விட்டு அனுப்பியது. ஆனால் சிலவற்றுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. வகுப்பறைப் பாடம், ஆய்வு, மாணவர் அமைப்புகளின் நிகழ்ச்சி, வந்துபோகும் விருந்தினரின் உரை ஆகியவற்றில் அது கை வைக்கவில்லை. நிர்வாகத்தின் கையைக் கட்டிய சட்டம் பேச்சை விட்டுவைத்தது.

இது கல்விச் சுதந்திரத்துக்குக் கொடுத்த மரியாதையாக இருக்கலாம். பேசுவதால் ஒன்றும் மாறிவிடாது என்ற கணக்காகவும் இருக்கலாம். அந்த இரண்டாவது கணக்கு எந்த அளவுக்குச் சரி என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. இனம், பாலினம், வர்க்கம், சாதி ஆகியவை கல்வி நிலையங்களுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்பவர்கள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறு அறையில் கூடித் தம் ஆய்வைச் சொல்லி விவாதிக்கும் வழக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உண்டு. அலுவலகங்கள் மூடப்படும் காலத்தில் இந்த உரைகளின் பொறுப்பு கூடுகிறது. இவை எதைச் செய்ய வல்லவை, எதைச் செய்வதாக நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம் என்று பிரித்துப் பார்க்க இதுவே சமயம்.

உரையின் வடிவம் எளிது. பன்னிரண்டு மணிக்கு வகுப்புகள் ஓய்கின்றன. துறையின் கூட்ட அறையில் ஒரு நீள மேசை, ஓரத்தில் பீட்சா அட்டைப் பெட்டிகள் அல்லது சாண்ட்விச் தட்டு. சிலர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழுப்புக் காகிதப் பையைப் பிரிப்பார்கள். ‘பிரவுன் பேக்’ உரை என்ற பெயர் அதனால் வந்தது. பேசுபவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவராகவோ இளம் பேராசிரியராகவோ இருப்பார். சொல்வது இன்னும் இதழுக்கு அனுப்பாத கட்டுரை, பாதி முடிந்த கணக்கெடுப்பு, தலையும் வாலும் புரியாமல் நிற்கும் ஒரு தரவுத் தொகுப்பு. நாற்பது நிமிடம் உரை, பதினைந்து நிமிடம் கேள்வி. ஒரு மணிக்கு வகுப்பெடுக்க வேண்டிய மாணவர்கள் கடைசிக் கேள்விக்கு முன்பே எழுந்துவிடுவார்கள். பேராசிரியர்கள் பத்து நிமிடம் தாமதமாக வந்து ஐந்து நிமிடம் முன்னதாகப் போவார்கள். மாலை நான்கு மணிக்கு நடக்கும் துறைக் கருத்தரங்குக்கு உள்ள சடங்கு எதுவும் இதற்கு இல்லை. மதிப்பூதியம் இல்லை, இரவு விருந்தும் இல்லை.

இந்த எளிமைக்கு ஒரு மதிப்பு உண்டு. சாப்பாட்டு நேரத்துச் சந்திப்பு என்ன செய்யக்கூடும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறது. மூலக்கூறு உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் அங்கே மீன்களை வைத்து ஆராய்ந்துவந்தார். மீன் தொட்டிகளுக்கு இடம் கேட்டார், கிடைக்கவில்லை. சக ஆண் பேராசிரியர்களைவிடத் தமக்கு ஆய்வகப் பரப்பு குறைவு என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. அதனால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வகங்களைத் தாமே அளந்தார். 1994-இல் கழகத் தலைவர் சார்ல்ஸ் வெஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் சக உயிரியலாளர் மேரி-லூ பார்டியூவிடம் ஒரு கஃபேயில் மதிய உணவின்போது காட்டினார். பார்டியூ அதைப் படித்துவிட்டு, தானும் கையெழுத்திட விரும்புவதாகச் சொன்னார். தனக்கு மட்டும் நேர்ந்தது என்று ஹாப்கின்ஸ் நினைத்திருந்தது இன்னொருவருக்கும் நேர்ந்திருந்தது.

இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். அறிவியல் புலத்தின் ஆறு துறைகளில் நிரந்தரப் பணியிலிருந்த ஆண்கள் 194 பேர், பெண்கள் 15 பேர். ஒவ்வொருவராகப் பேசியதில் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் கையெழுத்திட்டார்கள். டீன் ராபர்ட் பர்ஜனோ குழு அமைத்தார். ஊதியம், ஆய்வக இடம், பதவிகள், விருதுகள் எல்லாம் கணக்கெடுக்கப்பட்டன. 1999 மார்ச்சில் அறிக்கை வெளியானது. பாரபட்சம் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி மனத்தோற்றம் என்று தான் எண்ணியிருந்ததாகவும், உண்மையே பெரும்பகுதி என்று இப்போது புரிந்துகொண்டதாகவும் வெஸ்ட் அதன் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையை மதிய உரைகளின் ஆதரவாளர்கள் தம் பக்கச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அதன் படிகளைக் கவனியுங்கள். சாப்பாட்டு மேசையில் நடந்தது ஒன்றுதான்: தனிப்பட்ட குறை என்று கருதியது பொதுக் குறை என்று தெரிந்தது. அடுத்து வந்தது எண்ணிக்கை. அதன்பின் அதிகாரம் உள்ள ஒருவரின் மேசைக்கு அந்த எண்ணிக்கை போனது. மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் மற்ற இரண்டும் வீணாகியிருக்கும். அறிக்கைக்கு எதிர்ப்பும் வந்தது. பாதிக்கப்பட்டவர்களே குழுவில் அமர்ந்து எழுதினார்கள், மூலத் தரவை வெளியிடவில்லை என்று விமர்சகர்கள் சாடினார்கள். ஊதிய விவரம் இரகசியம் என்பது கழகத்தின் விடை. விமர்சனத்தில் நியாயம் உண்டு. வெளியார் சரிபார்க்க முடியாத எண்ணுக்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. ஆனால் 194-க்கு 15 என்பது எவரும் துறைப் பட்டியலைப் பார்த்து எண்ணக்கூடியது. அந்த எண்ணை அதுவரை யாரும் எண்ணவில்லை என்பதே அறிக்கையின் பெரிய கண்டுபிடிப்பு.

ஆகவே ஒரு மதிய உரையை எடைபோட என் அளவுகோல்கள் மூன்று. சொல்லப்படும் ஆய்வு அங்கே உண்மையில் சோதிக்கப்படுகிறதா? அறையில் இருக்க வேண்டியவர்கள் இருக்கிறார்களா? பேச்சு அந்த நிறுவனத்தின் சொந்த வீட்டுக் கணக்கைத் தொட்டு, முடிவெடுப்பவரின் மேசைக்குப் போகிறதா?

முதல் அளவுகோலிலிருந்து தொடங்குவோம். பன்மைத்துவ ஆய்வு ஒரு நம்பிக்கைத் துறை அல்ல, அறிவுத் துறை. அதன் முடிவுகளும் தவறலாம். ஒரு குழுவைப் பற்றிய இழிவான பொதுக்கருத்து, அக்குழுவைச் சேர்ந்த மாணவரின் தேர்வுத் திறனையே கெடுக்கும் என்ற கருதுகோளை எடுத்துக்கொள்வோம். 1980-களின் இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிளாட் ஸ்டீல் அங்கிருந்தே இந்தத் திசையில் சிந்திக்கத் தொடங்கினார். 1995-இல் ஜாஷுவா ஆரன்சனுடன் அவர் வெளியிட்ட கட்டுரை சமூக உளவியலில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்று. ஆனால் 2018-இல் நெதர்லாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம், முன்கூட்டியே திட்டத்தைப் பதிவுசெய்து நடத்திய பெரிய சோதனையில், மாணவியரின் கணிதத் தேர்வில் அந்த விளைவு தென்படவில்லை. கருதுகோள் செத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. எங்கே, யாரிடம், எவ்வளவு என்ற கேள்விகள் திறந்தே இருக்கின்றன என்று பொருள்.

இன்னொரு வழக்கு. 2004-இல் லூ ஹாங், ஸ்காட் பேஜ் இருவரும் ஒரு கணித முடிவை வெளியிட்டார்கள். சில நிபந்தனைகளின் கீழ், சிக்கலைத் தீர்ப்பதில் தேர்ந்த திறமைசாலிகளின் குழுவைப் பலதரப்பட்டோர் குழு விஞ்சும் என்பது அதன் சாரம். பேஜ் மிச்சிகனில் பேராசிரியர். அந்த முடிவு நிர்வாக உரைகளிலும் நிறுவனப் பயிற்சிகளிலும் நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு, வெறும் முழக்கமாக வலம் வந்தது. பத்தாண்டு கழித்து, 2014-இல், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் அபிகெயில் தாம்ப்சன், அந்தத் தேற்றத்தில் பிழைகள் இருப்பதாகவும் அது தாங்குவதாகச் சொல்லப்படும் பாரத்தை அதனால் தாங்க முடியாது என்றும் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் எழுதினார். அவருடைய வாதத்தை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முக்கியம், கேள்வி எழாமல் கழிந்த அந்தப் பத்தாண்டு. ஆன் ஆர்பரில் மிச்சிகனின் கணிதத் துறையும் உளவியல் துறையும் ஈஸ்ட் ஹால் என்ற ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. கேள்வி கேட்க வேண்டியவர்களுக்கும் கேட்க வேண்டிய அறைக்கும் நடுவே இருப்பது சில படிக்கட்டுகள்தாம்.

மதிய உரையின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்க வேண்டும். முடிவுறாத ஆய்வை நட்புள்ள கண்டிப்புடன் உடைத்துப் பார்க்க அதைவிடத் தோதான இடம் வேறில்லை. மாலைக் கருத்தரங்கில் பேசுபவர் முடிந்த பொருளைக் கொண்டுவருகிறார், தற்காப்பாகப் பேசுகிறார். மதியத்தில் வருவது பச்சைக் களிமண். ஆனால் பன்மைத்துவ ஆய்வு என்ற பெயர் சேர்ந்தவுடன் பல அறைகளில் கேள்விகள் மெலிந்துவிடுகின்றன. மாதிரி அளவு போதுமா, ஒப்பீட்டுக் குழு எது, வேறு விளக்கம் இருக்க முடியாதா என்று கேட்பவர் தன்னை எதிரணிக்காரராக நினைப்பார்களோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தால் நட்டம் ஆய்வாளருக்குத்தான். உள்ளே கேட்காத கேள்வியை வெளியே பகைவர் கேட்பார். அப்போது பதில் தயாராக இருக்காது. தலையாட்டும் அறை ஆய்வாளரைப் பாதுகாப்பதில்லை. நிராயுதபாணியாக வெளியே அனுப்புகிறது.

இரண்டாவது அளவுகோல், அறையில் யார் என்பது. இங்கே மதிய நேரம் என்பதே ஒரு தேர்வுமுறை. ஆய்வகத்தில் சோதனை ஓடிக்கொண்டிருக்கும் வேதியியல் மாணவருக்குப் பன்னிரண்டு மணி வசதிப்படாது. அரை மணி நேர இடைவேளை உள்ள அலுவலக உதவியாளரும் துப்புரவுப் பணியாளரும் அந்த அறைக்குள் வருவது, கூட்டம் முடிந்து பெட்டிகளை அள்ளத்தான். அவர்களும் பல்கலைக்கழகத்தின் பன்மைத்துவத்தில் சேர்ந்தவர்கள்தாம். ஆய்வின் பொருளாக இருப்பதும் பல வேளை அவர்கள்தாம். அதே சமயம் மாலை ஆறு மணிக்கு வைத்தால் குழந்தை வளர்ப்பவர்களால் வர முடியாது. மதியம் என்ற தேர்வுக்கு அந்த ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கக் கூடாது. ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல், விருப்பம் இருந்தால் வரலாம் என்ற ஏற்பாடு. அப்படி அழைத்தால் ஏற்கெனவே உடன்படுபவர்களே வருவார்கள். நியமனக் குழுத் தலைவர் வரமாட்டார்.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை இங்கே மிகவும் உதவும். அறிவியல், பொறியியல், மருத்துவம் சார்ந்த 92 துறைகளை இரு பாதியாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதித் துறைகளுக்கு இரண்டரை மணி நேரப் பயிலரங்கு. மறு பாதிக்கு அப்போது எதுவும் இல்லை. பாலினச் சார்பு ஒரு மனப்பழக்கம், அதைப் பழக்கமாகவே உடைக்கலாம் என்பது பயிலரங்கின் பாடம். 2015-இல் மாலி கார்ன்ஸ் குழுவினர் வெளியிட்ட முடிவுகளில் ஒரு வரி என் கண்ணில் பட்டு நகரவில்லை. ஒரு துறையின் ஆசிரியர்களில் குறைந்தது கால்வாசிப் பேர் வந்திருந்த இடங்களில், மூன்று மாதம் கழித்து, சமத்துவத்துக்காகத் தாங்கள் ஏதேனும் செய்ததாக ஆசிரியர்கள் சொல்வது கணிசமாகக் கூடியிருந்தது. 2017-இல் வந்த தொடர் ஆய்வில், பயிலரங்கு நடந்த துறைகளில் புதிதாக நியமிக்கப்பட்டவர்களில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 18 சதவிகிதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. மற்ற துறைகளில் மாற்றமில்லை. அந்த உயர்வு புள்ளியியலின் வழக்கமான வரம்பை மயிரிழையில் தவறவிட்டது என்பதையும் ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். எனவே இதை உறுதியான நிரூபணம் என்று கொள்ளாமல், வலுவான குறிப்பு என்று கொள்வதே நேர்மை.

அந்தக் கால்வாசி என்ற அளவை மதிய உரைகளோடு வைத்துப் பாருங்கள். ஓர் உரைக்கு நாற்பது பேர் வருகிறார்கள் என்றால் அமைப்பாளர் மகிழ்கிறார். அந்த நாற்பது பேர் முப்பது துறைகளிலிருந்து ஒருவரும் இருவருமாக வந்தவர்கள். ஒவ்வொருவரும் தம் துறைக்குத் திரும்பும்போது தனி ஆள். நியமனக் கூட்டத்தில் அவர் கேட்டதைச் சொன்னால் ஆமோதிக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்க மாட்டார். ஒரே துறையிலிருந்து எட்டுப் பேர் வந்த உரை, பல துறைகளிலிருந்து நாற்பது பேர் வந்த உரையைவிட நிறுவனத்தை அசைக்க வாய்ப்பு அதிகம். வருகைப் பதிவேட்டில் இதற்குத் தனிக் கட்டம் கிடையாது. அங்கே நாற்பது எப்போதும் எட்டைவிடப் பெரிது.

மூன்றாவது அளவுகோல் சொந்த வீட்டுக் கணக்கு. இதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் கனமானது. 2006 நவம்பரில் அம்மாநில வாக்காளர்கள், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அதன்பின் என்ன நடந்தது என்பதை 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தாக்கல்செய்த மனுவில் பல்கலைக்கழகமே சொன்னது: இளநிலை மாணவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 2006-இல் 7.03 சதவிகிதம், 2021-இல் 4.04 சதவிகிதம். இத்தனைக்கும் அந்த இடைவெளியில் மாநிலத்தின் கல்லூரி வயதுக் கறுப்பினத்தவர் பங்கு கூடியிருந்தது. 2016-இல் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் பன்மைத்துவத் திட்டம் ஒன்றைப் பெருஞ்செலவில் தொடங்கியது. 2016 முதல் இப்பணிக்கு ஆன செலவு ஏறத்தாழ 25 கோடி டாலர் என்று 2024 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2023-இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 2025 மார்ச்சில் மைய அலுவலகமும் திட்டமும் கைவிடப்பட்டன.

இந்தச் சரிவுக்கு உரைகளைக் குற்றவாளியாக்குவது அநியாயம். சேர்க்கை விதியை வாக்குச்சீட்டு மாற்றியது; அந்த ஓட்டையைப் பேச்சால் அடைக்க முடியாது. ஆனால் அதே நியாயம் மறுபக்கமும் செல்லும். ஓட்டையை அடைக்க முடியாத ஒன்றை, அடைக்கும் பணியின் சாதனைப் பட்டியலில் சேர்த்ததும் தவறு. திட்ட அறிக்கைகளில் இத்தனை நிகழ்ச்சி, இத்தனை பங்கேற்பாளர் என்று எண்ணுவது எளிது. நியமனம், பதவி உயர்வு, படிப்பை இடையில் விட்டவர் எண்ணிக்கை ஆகியவற்றைத் துறைவாரியாக வெளியிடுவது கடினம். எளிதான எண் கடினமான எண்ணின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், நிறுவனம் முன்னேறுவதாகத் தானும் நம்பிப் பிறரையும் நம்பவைக்கும். எதிரிகள் ஒருநாள் கடினமான எண்ணைக் கேட்கும்போது, எளிதான எண்ணோடு சேர்ந்து நல்ல ஆய்வும் குப்பைக்குப் போகும்.

பரந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 1971 முதல் 2002 வரை 708 தனியார் நிறுவனங்களின் தரவை ஆராய்ந்த அலெக்ஸாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகியோர் 2006-இல் கண்டது: பயிற்சி வகுப்பு நிர்வாகப் பதவிகளின் முகத்தை மாற்றுவதில் மிகவும் பலவீனம்; யாரேனும் ஒருவரை அல்லது ஒரு குழுவைப் பொறுப்பாளியாக்குவது மிகவும் பலம். தப்பெண்ணத்தைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய 418 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த எலிசபெத் லெவி பாலக் குழுவினர், அவற்றில் 76 சதவிகிதம் மேலோட்டமான, குறுகிய முயற்சிகள் என்றும் அவற்றின் நீண்டகாலப் பயன் தெளிவில்லை என்றும் 2021-இல் எழுதினார்கள். கேல்வின் லாய் குழுவினர் 2016-இல், உள்மனச் சார்பை உடனடியாகக் குறைத்த ஒன்பது உத்திகளை 6,321 பேரிடம் சோதித்தபோது, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் எல்லா விளைவும் மறைந்திருந்தது. ஒரு மணி நேர உரை ஒருவரின் மனத்தை மாற்றி, அந்த மாற்றம் அவர் கையெழுத்திடும் கோப்பு வரை போய்ச்சேரும் என்று எதிர்பார்க்க இதில் எந்த ஆதாரமும் இல்லை.

அப்படியானால் கட்டாயமாக்கிவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. கட்டாயப் பயிற்சி எரிச்சலையும் எதிர்ப்பையும் வளர்க்கிறது என்பது டாபின், காலெவ் இருவரும் திரும்பத் திரும்பக் காட்டிவரும் முடிவு. இந்த முடிச்சை அவிழ்த்த ஏற்பாடு ஒன்று மிச்சிகனிலேயே, பெருந்திட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியில் 2002-இல் தொடங்கிய ‘ஸ்டிரைட்’ குழு அது. உளவியலாளர் அபிகெயில் ஸ்டூவர்ட் முன்னின்று நடத்திய பெரிய முயற்சியின் பகுதி. மூத்த அறிவியல், பொறியியல் பேராசிரியர்களைப் பிடித்து, சார்பு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை அவர்களையே படிக்கவைத்தார்கள். பெண்களும் ஆண்களும் அதில் இருந்தனர். அவர்கள் தமக்குள் சண்டைபோட்டு, எது நிற்கும் எது நிற்காது என்று பார்த்து, பிறகு சக விஞ்ஞானிகளுக்குத் தரவோடு எடுத்துரைத்தார்கள். கேட்டவர்கள் ஆசிரியர் தேடலில் ஈடுபட்டிருந்த குழுவினர். காலப்போக்கில் சில கல்லூரிகளில் தேடல் குழுவில் அமர்வதற்கு இந்தப் பயிலரங்கு ஒரு நிபந்தனையாயிற்று. பொறுப்போடு வந்த கடமை இது. மனிதர் மேல் சுமத்திய கண்டனம் அல்ல. இயற்பியல் பேராசிரியரிடம் இயற்பியல் பேராசிரியர் வரைபடத்தைக் காட்டிப் பேசுகிறார். மதிய உரைக்கு இல்லாத மூன்றும் இங்கே இருந்தன: சோதித்த ஆய்வு, சரியான ஆட்கள், அடுத்த வாரமே எடுக்க வேண்டிய ஒரு முடிவு.

இந்த ஒப்பீட்டில் மதிய உரை தோற்பது போலத் தெரியும். ஆனால் ஸ்டிரைட் குழு படித்த கட்டுரைகள் வானத்திலிருந்து விழவில்லை. அவை எங்கோ ஒரு சிறு அறையில் முதன்முதலில் சொல்லப்பட்டு, கிழிபட்டு, திருந்தியவை. இங்கேதான் இத்துறை ஆய்வாளர்களின் நிலை கவலை தருகிறது. 1977 முதல் 2015 வரை அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் ஆய்வேடுகளை அலசிய பாஸ் ஹாஃப்ஸ்டிரா குழுவினர், சிறுபான்மைப் பின்னணியினர் புதிய கருத்து இணைப்புகளை அதிகம் உருவாக்குகிறார்கள், ஆனால் அந்தப் புதுமை குறைவாகவே எடுத்தாளப்படுகிறது, பதவியாகவும் குறைவாகவே மாறுகிறது என்று 2020-இல் காட்டினார்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதி கறுப்பின விஞ்ஞானிகளுக்குக் குறைவாகக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளால் விளைகிறது என்று 2019-இல் இன்னொரு ஆய்வு கண்டது. சமூக அளவிலான நலம் பற்றிய தலைப்புகளுக்கு நிதி கிடைக்கும் விகிதம் குறைவு.

இதோடு நேர அட்டவணையைப் பொருத்துங்கள். ஒரு துறை அணுத்துகள் பற்றிய ஆய்வை மாலை நான்கு மணிக்கு, மதிப்பூதியத்தோடு, எல்லா ஆசிரியர்களும் கேட்க வைக்கிறது. அதே துறையில் யார் நுழைகிறார், யார் வெளியேறுகிறார் என்ற ஆய்வை எப்போதும் மதியத்தில், சாப்பிட்டுக்கொண்டே கேட்க வைக்கிறது. அப்படியானால் அந்தத் துறை தன் மதிப்பீட்டை அறிவித்துவிட்டது. பேசவும் ஏற்பாடு செய்யவும் கூப்பிடப்படுபவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறுபான்மை ஆசிரியர்களே. இந்தக் கூடுதல் சுமையைக் கலாச்சார வரி என்று 1994-இலேயே உளவியலாளர் அமாடோ படில்யா சுட்டினார். பதவி உயர்வுக் கோப்பில் அது சேவை என்ற கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக முடிகிறது. சமத்துவத்தைப் பேசும் ஏற்பாடே சமமின்மையைச் சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டை ஏற்றுவது பொறுத்துக்கொள்ளக்கூடியது அல்ல.

பேச்சால் ஒன்றும் ஆகாது என்ற கணக்குக்கு நம் சென்னையிலிருந்தே ஒரு மறுப்பு கிடைக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் மாணவர்கள் 2014-இல் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் செய்தது பேசுவதும் விவாதிப்பதும் துண்டறிக்கை விடுவதும்தான். பெயரற்ற ஒரு புகாரை ஒட்டி 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் ஜூனில் திரும்பக் கிடைத்தது. அதே நிறுவனத்தில் தகுதி என்ற கருத்தும் சாதியும் பின்னிப் பிணைந்த வரலாற்றை மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு முழு நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 ஜனவரியில் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமும் பாகுபாட்டுக்கு எதிரான தம் விதிகளில் சாதியைச் சேர்த்தன. அங்கே இது நடக்க மாணவர்களின் நீண்ட பேச்சும் சாட்சியமும் தேவைப்பட்டன. பேச்சு தூரத்து அநீதியைப் பற்றியதாக இருக்கும்வரை எந்த நிர்வாகமும் பீட்சாவுக்குப் பணம் கொடுக்கும். அதே பேச்சு அந்த வளாகத்தின் சொந்தக் கணக்கைத் தொட்டால் புகார் வரும். அந்தப் புகார்தான் பேச்சுக்கு வலு உண்டு என்பதற்குச் சாட்சி.

என் தீர்ப்பு இது. பன்மைத்துவ ஆய்வு பற்றிய மதிய உரைகள் தொடர வேண்டும்; அலுவலகங்கள் மூடப்படும் இடங்களில் இன்னும் அதிகமாகவே தொடர வேண்டும். ஆனால் அவற்றை ஆய்வுப் பணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும், நிறுவனச் சீர்திருத்தமாக அல்ல. எந்தப் பல்கலைக்கழகமும் தன் சமத்துவ அறிக்கையில் உரைகளின் எண்ணிக்கையையோ வருகையையோ சேர்க்கக் கூடாது. உரை ஏற்பாடு செய்பவருக்கும் பேசுபவருக்கும் பதவி உயர்வுக் கோப்பில் ஆய்வுப் பக்கத்தில் இடம் வேண்டும். ஒவ்வொரு உரைக்கும் துறைக்கு வெளியிலிருந்து, முறையியலில் தேர்ந்த ஒருவரைக் கேள்வி கேட்கவே அழைக்க வேண்டும். நூறு பேருக்குப் பொது அழைப்பு அனுப்புவதை விட்டு, பருவத்துக்கு ஒரு துறையைத் தேர்ந்து அதன் ஆசிரியர்களில் கால்வாசிப் பேரையாவது உட்காரவைக்க வேண்டும். ஆண்டில் ஓர் உரையாவது அந்த வளாகத்தின் சொந்தத் தரவைப் பற்றியதாக இருக்க வேண்டும்: யாரை நேர்காணலுக்கு அழைத்தோம், யாரைத் தேர்ந்தோம், யார் விட்டுப்போனார். நன்கு முதிர்ந்த ஆய்வு மதியத்திலிருந்து மாலைக் கருத்தரங்குக்கு உயர வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. தேவைப்படுவது, தன் துறையின் எண்களைத் தன் சக ஆசிரியர்கள் முன் வைக்கத் துணியும் ஒரு துறைத் தலைவர். அப்படி ஒருவர் இருக்கும் துறையில் மதிய உரை ஆய்வுக்கும் நியமனத்துக்கும் நடுவே உண்மையான பாலமாகும். அவர் இல்லாத துறையில், எவ்வளவு நல்ல ஆய்வைக் கொண்டுவந்து பேசினாலும் அது கேட்டவர்களோடு கலைந்துபோகும். அதன் பழியைப் பேசியவர் மீதோ ஆய்வின் மீதோ போடாமல், கேட்க வராத அந்தத் தலைமையின் மீதே போட வேண்டும்.